காலியாக இருப்பதும் கிடைப்பதும்: ஓடும் கணினியின் நினைவகத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டது

ஒரு சர்வரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு முதன்முதலில் என்னிடம் வந்தபோது, தினமும் காலையில் நான் செய்த முதல் வேலை அதன் நினைவகத்தைப் பார்ப்பதுதான். அது 8 ஜிபி ரேம் கொண்ட லினக்ஸ் கணினி. ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் அதை நம்பியிருந்த ஒரு வலைச் செயலியும் அதில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தன. டெர்மினலைத் திறந்து, அளவுகளை ஜிபி, எம்பி என்று படிக்க எளிதாகக் காட்டும் ‘ஹெச்’ குறியோடு ‘ஃப்ரீ’ என்ற கட்டளையைத் தட்டுவேன். வழக்கமாக வரும் வரிசை இன்னும் எனக்கு மனப்பாடம்: டோட்டல் 7.7 ஜிபி, யூஸ்டு 2.6 ஜிபி, ஃப்ரீ 190 எம்பி, ஷேர்டு 2.1 ஜிபி, பஃப்/கேஷ் 4.9 ஜிபி, அவைலபிள் 2.7 ஜிபி. இந்த ஆறு எண்களில் என் கண் போய் நின்றது ஒன்றே ஒன்றில்தான். காலியாக இருப்பது வெறும் 190 எம்பி. எட்டு ஜிபி உள்ள கணினியில் கால் ஜிபிகூட மிச்சமில்லை என்றால், அது எந்த நிமிடமும் படுத்துவிடும் என்றுதான் நான் நினைத்தேன்.

அந்தப் பயத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் ‘ட்ராப் கேஷஸ்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதில் 3 என்ற எண்ணை எழுதினால், கோப்புகளைப் படித்தபோது நினைவகத்தில் கேஷாகத் தங்கிய பக்கங்களையும் (கர்னல் நினைவகத்தைக் கையாளும் சிறு துண்டுகள் அவை) கோப்புறைகளைப் பற்றிய குறிப்புகளையும் கர்னல் உடனே விட்டுவிடும். அதை ஒருமுறை செய்து பார்த்தேன். ஃப்ரீ என்ற எண் 190 எம்பியிலிருந்து 2.8 ஜிபிக்கு ஏறியது. அந்த நிம்மதியில், மணிக்கொரு முறை இதைத் தானாகச் செய்யும்படி, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் ஒரு வரியை எழுதிவைத்தேன். பஃப்/கேஷ் 4.9 ஜிபி இருக்கும்போது அதைத் துடைத்தால் ஐந்து ஜிபி அல்லவா காலியாக வேண்டும், ஏன் 2.8 மட்டும் வந்தது என்ற கேள்வி எனக்கு அன்றைக்கே எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. எண் ஏறியதே போதுமென்று இருந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, செயலியின் தேடல் பக்கம் அவ்வப்போது மிக மெதுவாகத் திறக்கிறது என்று புகார்கள் வரத் தொடங்கின. புகார் வந்த நேரங்களை எழுதிப் பார்த்தபோது, எல்லாமே மணி தொடங்கிய முதல் பத்து நிமிடங்களுக்குள் இருந்தன. அப்போதும் எனக்குப் புரியவில்லை. டேட்டாபேஸில்தான் ஏதோ கோளாறு என்று அங்கேயே தேடிக்கொண்டிருந்தேன். அனுபவம் மிக்க சக ஊழியர் ஒருவர் என் திரையைப் பார்த்தார். “காலியா எவ்வளவு இருக்குன்னு பார்த்திருக்கீங்க. கிடைக்கிறது எவ்வளவுன்னு பார்த்தீங்களா?” என்று கேட்டு, வரிசையின் கடைசியில் இருந்த அவைலபிள் என்ற எண்ணைச் சுட்டிக்காட்டினார். இந்த வேலையில் நான் பெற்ற பாடங்களில் மிகப் பெரியது அந்த ஒரு கேள்விதான்.

காலியாக இருக்கும் ரேம் என்பது எதற்கும் பயன்படாமல் கிடக்கும் ரேம். ஒரு கோப்பை ஒருமுறை படித்துவிட்டால், அடுத்த முறை வட்டுக்குப் போகாமல் இருப்பதற்காகக் கர்னல் அதன் பக்கங்களை நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும். நினைவகத்திலிருந்து ஒரு துண்டை எடுக்க ஏறத்தாழ 100 நானோ நொடி ஆகிறது. சாதாரண எஸ்எஸ்டி வட்டிலிருந்து எடுக்க அதைப்போலப் பல நூறு மடங்கு முதல் ஆயிரம் மடங்கு வரை ஆகும். சுழலும் வட்டென்றால் மில்லி நொடிக் கணக்கு. அதனால் வேறு யாருக்கும் தேவைப்படாத ரேமையெல்லாம் கோப்புப் பக்கங்களால் நிரப்பி வைப்பதே ஒரு நல்ல கர்னல் செய்ய வேண்டிய வேலை. ஏதாவது ஒரு நிரல் நினைவகம் கேட்டால், மாற்றம் எதுவும் இல்லாத அந்தப் பக்கங்களை எந்த இழப்பும் இல்லாமல் அந்த நொடியே விட்டுக் கொடுத்துவிடலாம். நான் செய்தது என்னவென்றால், டேட்டாபேஸ் அடிக்கடி தொட்டுப் பார்க்கும் அட்டவணைகளையும் இன்டெக்ஸ்களையும் மணிக்கொரு முறை நினைவகத்திலிருந்து வெளியே தள்ளி, அவை அனைத்தையும் வட்டிலிருந்து மறுபடி படிக்க வைத்ததுதான். கிரானிலிருந்து அந்த வரியை நீக்கிய நாளோடு தேடல் பக்கத்தைப் பற்றிய புகார்களும் நின்றன. கர்னலின் ஆவணமே, சோதனைக்கும் பிழை தேடுவதற்கும் தவிர வேறெதற்கும் இந்த அமைப்பைப் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் சொல்கிறது. கேஷைத் துடைத்தால் கணினி வேகமெடுக்கும் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து நம்பாதீர்கள்.

அன்றைக்கு எழாத கேள்விக்கு, ஷேர்டு என்ற எண்ணில் பதில் இருந்தது. போஸ்ட்கிரெஸுக்கு நாங்கள் 2 ஜிபி பகிர்வு நினைவகம் ஒதுக்கியிருந்தோம். அதன் எல்லா ப்ராசஸ்களும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களும், பொதுவாகப் பயன்படுத்தும் இடம் அது. லினக்ஸ் இந்தப் பகிர்வு நினைவகத்தையும், டெம்ப்எஃப்எஸ் என்னும் நினைவகத்திலேயே இருக்கும் கோப்புறைகளையும் கேஷ் கணக்கில்தான் சேர்த்துக் காட்டுகிறது. ஆனால் அவற்றுக்குப் பின்னால் வட்டில் கோப்பு கிடையாது. அவற்றைத் தூக்கிப் போட்டால் தரவே போய்விடும் என்பதால், கர்னல் அவற்றை, ரேமுக்கு மாற்றாக வட்டில் ஒதுக்கிய ஸ்வாப்புக்குத்தான் அனுப்ப முடியும், விட்டுவிட முடியாது. ஆகவே 4.9 ஜிபி கேஷில் 2.1 ஜிபி உண்மையில் பிடிபட்ட இடம். மீதியைத்தான் திரும்பப் பெற முடியும். ஃப்ரீயையும் கேஷையும் கூட்டிக்கொண்டு ‘ஐந்து ஜிபிக்கு மேல் கிடைக்கும்’ என்று கணக்குப் போட்டிருந்தால், அதுவும் இன்னொரு பக்கத்தில் தவறாகப் போயிருக்கும்.

இந்தத் தவறான கூட்டல் பல ஆண்டுகளாக எல்லோரும் செய்துவந்ததுதான். அதனாலேயே 2014இல் வெளிவந்த 3.14 கர்னலில், ரிக் வான் ரியல் என்ற கர்னல் வல்லுநரின் கைவண்ணத்தில், மெம்அவைலபிள் என்ற வரி ‘ப்ராக்’ கோப்புறையிலுள்ள ‘மெம்இன்ஃபோ’ கோப்பில் சேர்க்கப்பட்டது. ஸ்வாப்பைத் தொடாமல் புதிய நிரல்களுக்கு எவ்வளவு நினைவகம் கொடுக்க முடியும் என்பதற்கான மதிப்பீடு அது. காலியாக இருப்பதிலிருந்து கர்னல் தனக்கென்று ஒதுக்கி வைத்த பங்கைக் கழித்து, வட்டில் பிரதியுள்ள கோப்புப் பக்கங்களைக் கூட்டி, அதிலும் ஒரு பகுதி எப்போதும் தேவைப்படும் என்று விட்டுவைத்து, கர்னலின் சொந்தக் குறிப்புகளில் திரும்பப் பெறக்கூடியவற்றையும் சேர்த்து அந்த எண் வருகிறது. அது மதிப்பீடு மட்டுமே என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் நாம் கையால் போடும் எந்தக் கணக்கையும்விட அது நம்பகமானது. ‘ஃப்ரீ’ கட்டளையின் கடைசிப் பத்தியில் தெரிவது இதே எண்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. யூஸ்டு என்ற எண் எல்லாப் பதிப்புகளிலும் ஒரே பொருளில் வருவதில்லை. முன்பு மொத்தத்திலிருந்து ஃப்ரீயையும் கேஷையும் கழித்து அதைக் காட்டினார்கள். அந்தக் கணக்குப்படிதான் எங்கள் சர்வரில் 2.6 ஜிபி. புதிய பதிப்புகளில் மொத்தத்திலிருந்து அவைலபிளைக் கழித்துக் காட்டுகிறார்கள். அதே கணினி அதே நிலையில் இருந்தாலும் அப்போது 5 ஜிபி என்று வரும். இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள், நினைவகப் பயன்பாடு இருமடங்காகிவிட்டது என்று நானே ஒரு காலைப் பொழுதை வீணாக்கியிருக்கிறேன். அதேபோல 8 ஜிபி வாங்கிய கணினியில் 7.7 என்று காட்டுவதைக் கண்டு யாரும் கலங்க வேண்டாம். ஃபர்ம்வேரும் கர்னலும் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ளும் பங்கு அது. ரேமின் ஒரு பகுதியைக் கிராபிக்ஸுக்குக் கொடுக்கும் மடிக்கணினிகளில் இந்த இடைவெளி இன்னும் பெரியதாக இருக்கும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதை அறிந்த பிறகு, யார் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தேடுவது இயல்பு. ‘டாப்’ கட்டளையை ஓட்டி, பெரிய எழுத்து ‘எம்’ விசையை அழுத்தினால் அதிக நினைவகம் பிடித்திருக்கும் ப்ராசஸ்கள் மேலே வரும். அங்கேயும் நான் இடறினேன். ‘விர்ட்’ பத்தியில் தெரியும் பெரிய எண்கள், ஒரு ப்ராசஸ் கேட்டு வைத்திருக்கும் முகவரி வெளியின் அளவே. அது உண்மையில் தொட்ட ரேம் ‘ரெஸ்’ பத்தியில் இருக்கிறது. சரி என்று போஸ்ட்கிரெஸின் ப்ராசஸ்கள் அனைத்தின் ‘ரெஸ்’ எண்களையும் கூட்டினேன். 19 ஜிபி வந்தது. இருப்பதோ 8 ஜிபி. பொதுவாக இருக்கும் அந்த 2 ஜிபியில் தான் தொட்ட பகுதியை ஒவ்வொரு ப்ராசஸும் தன் கணக்கிலும் காட்டுவதால், ஒரே பக்கம் பத்து முறை, இருபது முறை எண்ணப்படுகிறது. ஒரு பக்கத்தை எத்தனை பேர் பகிர்கிறார்களோ அத்தனை பங்காகப் பிரித்து எண்ணும் ‘பிஎஸ்எஸ்’ என்ற அளவு இதற்காகவே இருக்கிறது. ஒவ்வொரு ப்ராசஸுக்கும் உரிய ‘எஸ்மேப்ஸ் ரோலப்’ என்ற கோப்பில் அது கிடைக்கும். அந்த எண்களைக் கூட்டியபோது 4 ஜிபிக்குச் சற்றுக் கீழே வந்தது. அதற்குப் பிறகுதான் என் கணக்கும் ‘ஃப்ரீ’ காட்டிய கணக்கும் ஒன்றையொன்று ஒத்துப்போயின.

சில மாதங்கள் அமைதியாகப் போயின. பிறகு ஒரு நாள் காலை, இரவு 2 மணிவாக்கில் டேட்டாபேஸ் தானாக நின்று மறுபடி தொடங்கியிருக்கிறது என்று பதிவுகளில் பார்த்தேன். ‘ஃப்ரீ’ கட்டளையைத் தட்டினால் அவைலபிள் 3 ஜிபிக்கு மேல். நினைவகத்தில் குறை ஒன்றும் இல்லை என்று முடிவு செய்து, வேறு காரணம் தேடத் தொடங்கினேன். காலை 9 மணிக்குப் பார்த்த எண்ணை வைத்து இரவு 2 மணிக்கு நடந்ததைத் தீர்மானித்தது எவ்வளவு பெரிய பிழை என்பது, கர்னல் பதிவைத் திறந்து பார்த்த பிறகே தெரிந்தது.

நினைவகமும் ஸ்வாப்பும் தீர்ந்து, விட்டுக் கொடுக்கக் கேஷும் இல்லாத நிலையில், லினக்ஸ் ஏதாவது ஒரு ப்ராசஸைக் கொன்று இடத்தை மீட்கிறது. இதைச் செய்யும் பகுதிக்கு ‘ஓஓஎம் கில்லர்’ என்று பெயர். யாரைக் கொன்றது, அவர் எவ்வளவு பிடித்திருந்தார் என்பதை அது கர்னல் பதிவில் எழுதிவைக்கும். ‘டிமெசேஜ்’ கட்டளையிலோ ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையிலோ ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற சொற்றொடரைத் தேடினால் போதும். அந்த வரியைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். கொல்லப்பட்டது போஸ்ட்கிரெஸின் ஒரு ப்ராசஸ். அதன் சொந்த நினைவகத்தைக் குறிக்கும் ‘அனான் ஆர்எஸ்எஸ்’ நூறு எம்பிகூட இல்லை. பகிர்வு நினைவகத்தைக் குறிக்கும் ‘எஸ்ஹெச்மெம் ஆர்எஸ்எஸ்’ மட்டும் 2 ஜிபியைத் தாண்டியிருந்தது. அந்த வரிக்கு மேலே, அப்போது ஓடிக்கொண்டிருந்த எல்லா ப்ராசஸ்களின் பட்டியலையும் கர்னல் அச்சிட்டிருந்தது. அதில் எங்கள் அறிக்கை தயாரிக்கும் நிரல் இரண்டு முறை இருந்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.9 ஜிபி.

நடந்தது தெளிவாயிற்று. இரவில் ஓடும் அந்த அறிக்கை நிரல் ஒரு பெரிய அட்டவணை முழுவதையும் ஒரே மூச்சில் நினைவகத்துக்குள் இழுத்துக்கொள்ளும். ஒரு பிரதி ஓடியவரை 2.7 ஜிபிக்குள் அது அடங்கியது. தரவு வளர வளர அதற்கு அதிக நேரம் பிடித்தது. ஒரு நாள் முதல் ஓட்டம் முடிவதற்குள் கிரான் அடுத்த ஓட்டத்தைத் தொடங்கிவிட்டது. இரண்டும் சேர்ந்து 3.8 ஜிபி. கிடைத்த 2.7 ஜிபியும் 1 ஜிபி ஸ்வாப்பும் சேர்ந்தாலும் அதற்குப் போதவில்லை. ஒரு ப்ராசஸ் பிடித்திருக்கும் ரேம், ஸ்வாப் ஆகியவற்றை வைத்தே, யாரைக் கொல்வது என்பதற்கான மதிப்பெண்ணைக் கர்னல் கணக்கிடுகிறது. பகிர்வு நினைவகமும் அதில் சேரும். எனவே பொதுவான 2 ஜிபியைத் தொட்டிருந்த ஓர் அப்பாவி டேட்டாபேஸ் ப்ராசஸ், 1.9 ஜிபியைத் தனக்கென்றே விழுங்கிய நிரலைவிடப் பெரியதாகத் தெரிந்தது. தன் ப்ராசஸ்களில் ஒன்று இப்படிக் கொல்லப்பட்டால், பகிர்வு நினைவகம் பழுதடைந்திருக்கலாம் என்று கருதி, போஸ்ட்கிரெஸ் எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டுத் தன்னை மீண்டும் தொடங்கிக்கொள்ளும். அதனால் காலையில் நினைவகம் தாராளமாகத் தெரிந்தது. கொல்லப்பட்டவர் மீது பழி போடாதீர்கள், அந்தப் பட்டியலை முழுவதும் படியுங்கள் என்று இப்போது புதிதாக வருகிறவர்களிடம் முதலில் சொல்வது இதனால்தான்.

திருத்தங்கள் எளியவை. ஒரு ஓட்டம் நடக்கும்போது இன்னொன்று தொடங்காதபடி ‘எஃப்லாக்’ கொண்டு பூட்டினேன். அட்டவணையைச் சில ஆயிரம் வரிகளாகப் பிரித்துப் படிக்கும்படி நிரலை மாற்றி எழுதினோம். அதன் பிறகு அது 200 எம்பியைத் தாண்டவில்லை. அந்த மதிப்பெண்ணைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் ‘ஓஓஎம் ஸ்கோர் அட்ஜ்’ மதிப்பை டேட்டாபேஸின் தாய் ப்ராசஸுக்கு எதிர்மறையாக வைத்து, அறிக்கை நிரலுக்கு நேர்மறையாக வைத்தோம். இந்த மதிப்பு −1000 முதல் 1000 வரை போகும். −1000 என்றால் அந்த ப்ராசஸைக் கர்னல் தொடவே தொடாது. எல்லாவற்றுக்கும் −1000 கொடுத்துவிடலாம் என்று ஆசை வரும். கொல்ல யாரும் கிடைக்காவிட்டால் கணினியே நின்றுபோகும் என்பதால் அது நல்லதல்ல.

இவற்றைவிட முக்கியமாக எனக்குத் தோன்றியது, பார்க்கும் நேரத்தை மட்டும் நம்பக் கூடாது என்பது. ‘சிஸ்ஸ்டாட்’ என்ற தொகுப்பை நிறுவினால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நினைவக அளவுகள் பதிவாகும். பின்னர் ‘சார்’ கட்டளையை ‘ஆர்’ குறியோடு ஓட்டி எந்த நாளின் எண்ணையும் பார்க்கலாம். அதை நிறுவிச் சில நாள் கழித்துப் பார்த்தபோது, அறிக்கை ஓடும் நேரத்தில்கூடப் பள்ளம் எதுவும் தெரியவில்லை. நிரல் உச்சத்தில் இருந்தது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு, அதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு அளவுகளுக்கு நடுவே அது ஒளிந்துகொண்டது. எனவே மெம்இன்ஃபோ கோப்பிலிருந்து மெம்அவைலபிள், ஸ்வாப்ஃப்ரீ என்ற இரு வரிகளை மட்டும் எடுத்து, நேரத்தோடு சேர்த்து, ஐந்து நொடிக்கு ஒருமுறை ஒரு கோப்பில் எழுதும் சிறு ஷெல் நிரல் ஒன்றை எழுதிவைத்தேன். அந்தக் கோப்பைப் படிப்பதால் கணினிக்குச் சுமை ஏதும் கிடையாது என்றே சொல்லலாம். அதில் எண்கள் கேபி என்ற அலகில் இருக்கும், அங்கே ஒரு கேபி என்பது 1024 பைட். ஜிபியாக மாற்றும்போது இரண்டு முறை 1024ஆல் வகுக்க வேண்டும், 1000ஆல் அல்ல.

ஸ்வாப்பைப் பற்றியும் பலருக்கு வீண் பயம் இருக்கிறது. ஸ்வாப்பில் 400 எம்பி போயிருக்கிறது என்பது மட்டும் நோய்க்கு அறிகுறி அல்ல. தொடங்கியபோது ஒருமுறை தொட்டு, பிறகு யாரும் திரும்பிப் பார்க்காத பக்கங்களைக் கர்னல் அங்கே அனுப்பியிருக்கும், அது நல்ல காரியமே. பார்க்க வேண்டியது போக்குவரத்தை. ‘விஎம்ஸ்டாட்’ கட்டளைக்குப் பின் 1 என்று கொடுத்தால் நொடிக்கொரு வரி வரும். அதில் ‘எஸ்ஐ’ என்பது ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவது, ‘எஸ்ஓ’ என்பது வெளியே போவது. முதல் வரியைப் பார்க்கவே வேண்டாம், அது கணினி தொடங்கியதிலிருந்து வந்த சராசரி. அதற்கடுத்த வரிகளில் இரண்டு பத்திகளும் தொடர்ந்து சுழியமாக இருந்தால், ஸ்வாப்பில் எவ்வளவு கிடந்தாலும் கவலையில்லை. இரண்டும் ஒருசேர ஓடிக்கொண்டிருந்தால், உள்ளே இழுத்ததை உடனே வெளியே தள்ள வேண்டிய நிலை, கணினி மூச்சுத் திணறுகிறது என்று பொருள். 4.20 கர்னலிலிருந்து, அதாவது 2018இன் இறுதியிலிருந்து, இந்தத் திணறலை நேரடியாகவே அளந்து தரும் வசதியும் உண்டு. ‘ப்ராக்’ கோப்புறைக்குள் ‘ப்ரெஷர்’ என்ற கோப்புறையில் ‘மெமரி’ என்றொரு கோப்பு இருக்கும். நினைவகத்துக்காக நிரல்கள் காத்துக்கிடந்த நேரம் கடந்த 10 நொடி, 60 நொடி, 300 நொடியில் எத்தனை சதவீதம் என்று அது சொல்கிறது. ‘சம்’ என்ற வரி சிலர் காத்திருந்த நேரம், ‘ஃபுல்’ என்ற வரி வேலை இருந்த எல்லோருமே காத்திருந்த நேரம். எவ்வளவு மிச்சம் என்ற கேள்வியைவிட, பற்றாக்குறையால் வேலை கெடுகிறதா என்ற கேள்வி எனக்குப் பொருளுள்ளதாகப் படுகிறது, அதற்கு இந்தக் கோப்பு பதில் தருகிறது.

நிரல்களைத் தனித்துப் பிரித்து, வரம்பிட்டு ஓட்டும் கன்டெய்னர்களில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கன்டெய்னருக்குள் நின்று ‘ஃப்ரீ’ கட்டளையை ஓட்டினால், பொதுவாக அது வெளியிலுள்ள முழுக் கணினியின் எண்ணையே காட்டும். 64 ஜிபி கணினியில் 2 ஜிபி வரம்போடு ஓடும் கன்டெய்னர், உள்ளிருந்து பார்த்தால் நாற்பது ஜிபி கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே கொல்லப்படுவதைக் கண்டிருக்கிறேன். அங்கே பார்க்க வேண்டியவை, இந்த வரம்புகளை வைக்கும் கர்னல் வசதியான சிகுரூப் இரண்டாம் பதிப்பின் ‘மெமரி மேக்ஸ்’, ‘மெமரி கரன்ட்’ ஆகிய கோப்புகள். எத்தனை முறை கொல்லப்பட்டது என்பது ‘மெமரி ஈவென்ட்ஸ்’ கோப்பில் இருக்கும். ‘மெமரி கரன்ட்’ எண்ணில் கோப்புக் கேஷும் சேர்ந்திருப்பதால், அது வரம்பை நெருங்கி நிற்பதைக் கண்டதுமே பதற வேண்டியதில்லை.

விண்டோஸில் இதே பாடம் வேறு உருவத்தில் வந்தது. உறவினர் ஒருவரின் கணினியில், பெரிய விரிதாள் ஒன்றைத் திறந்தால் போதிய நினைவகம் இல்லை என்ற செய்தி வந்தது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைப் பார்த்தோம். அவைலபிள் 2.4 ஜிபி இருந்தது. விண்டோஸில் இந்த எண், காலியாக இருப்பதும் ‘ஸ்டாண்ட்பை’ என்னும் மீட்கத்தக்க கேஷும் சேர்ந்தது, எனவே லினக்ஸின் அவைலபிளுக்கு நெருக்கமானதுதான். அப்படியானால் ஏன் நினைவகம் இல்லை என்கிறது? பதில் அதற்குக் கீழே ‘கமிட்டட்’ என்ற இடத்தில் இருந்தது: 9.8/9.9 ஜிபி. நிரல்கள் கேட்டுப் பெற்ற நினைவகம் முழுவதற்கும், ரேமும், விண்டோஸின் ஸ்வாப்பான பேஜ் ஃபைலும் சேர்ந்த அளவுக்குள் விண்டோஸ் உத்தரவாதம் கொடுத்தாக வேண்டும். கேட்ட இடத்தை நிரல்கள் இன்னும் தொடாததால் ரேம் மிச்சமிருந்தாலும், வாக்குக் கொடுக்கும் எல்லை முடிந்துவிட்டால் அடுத்த வேண்டுகோள் மறுக்கப்படும். யாரோ அந்தக் கணினியில் பேஜ் ஃபைலை 2 ஜிபிக்கு மேல் போகாதபடி கட்டிவைத்திருந்தார்கள். அதை விண்டோஸே நிர்வகிக்கும்படி விட்டுவிட்டு மறுதொடக்கம் செய்ததும் விரிதாள் திறந்தது. மேக் கணினியில் ஆக்டிவிட்டி மானிட்டரின் மெமரி பகுதியில் கீழே தெரியும் ‘மெமரி ப்ரெஷர்’ வரைபடத்தைப் பார்த்தால் போதும். 2013இல் வந்த மேவரிக்ஸ் பதிப்பிலிருந்து பயன்படாத பக்கங்களைச் சுருக்கி வைக்கும் வழக்கம் அங்கே இருப்பதால், ‘யூஸ்டு’ எண் அங்கும் தனியாக எதையும் சொல்வதில்லை. வரைபடம் பச்சையாக இருக்கும்வரை எதையும் மூடவேண்டிய தேவையில்லை.

இப்போது ஒரு கணினி மெதுவாக ஓடுகிறது என்று யாராவது அழைத்தால், என் கை முதலில் அவைலபிளுக்குப் போகும், பிறகு ‘விஎம்ஸ்டாட்’டில் ஒரு நிமிடம், பிறகு கர்னல் பதிவு. இவற்றில் எதிலும் குறை இல்லையென்றால் நினைவகத்தை விட்டுவிட்டு வட்டையும் ப்ராசஸரையும் பார்க்கிறேன். பழைய சர்வர் இன்னும் அதே 8 ஜிபியோடுதான் ஓடுகிறது. ஐந்து நொடிக்கு ஒருமுறை எழுதும் அந்தக் கோப்பை வாரம் ஒருமுறை எடுத்து, சராசரியைப் பார்க்காமல், மிகக் குறைந்த எண்ணையும் அது வந்த நேரத்தையும் மட்டும் ஒரு தாளில் குறித்துவைக்கிறேன். சென்ற வாரத்தின் ஆகக் குறைந்த அவைலபிள் 2.2 ஜிபி, இரவு 2 மணி 4 நிமிடம். அந்த நொடியில் ஃப்ரீ எவ்வளவு இருந்தது என்று நான் பார்க்கவில்லை.